பதினைந்தா இருபத்தைந்தா

மதுரையில் எதற்கடி கீசர் என்று
போனில் சிரித்தாள் என் நாத்தனார்.
ஆனையூர் மூன்றாம் மாடியில்
மார்கழி விடிகாலைக் குழாய் கடிக்கும் கடி
அவளுக்கு எங்கே தெரியும்.
கப்பலூர் பட்டறையிலிருந்து
முழங்கை வரை கிரீஸ் அப்பி வரும் மனுசனுக்கு
ஆறிப்போன போர் தண்ணீரில்
எந்தச் சோப்பும் நுரைக்காது.

கடைக்குப் போகுமுன் கணக்குப் போட்டேன்.
லிட்டர் எனக்குப் பிடிபடாது, செம்பு பிடிபடும்.
நீல வாளிக்குப் பதினாறு செம்பு.
கொதித்தது ஆறு, பச்சை பத்து,
கையை விட்டுப் பார்த்தால் பதம்.
நான் ஒரு வாளி, அவர் ஒன்றரை,
நிரஞ்சன் குளிப்பதே சந்தேகம்.
பால் கணக்கு எழுதும் காலண்டரின் முதுகில்
பதினைந்து போதும் என்றது பென்சில்.

டவுன்ஹால் ரோட்டுக் கடையில்
சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாய்த் தொங்கின.
கழுத்தில் அட்டை மாட்டிய பர்வீன்
நட்சத்திரம் எண்ணிக் காட்டினாள்.
உப்புத் தண்ணிக்கு எந்தத் தொட்டி தாங்கும்,
கம்பியில் சுண்ணாம்பு ஏறினால் எப்படி முனகும்,
பதினாறு ஆம்பியர் பிளக் இருக்கா இல்லையா,
எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டாள்,
"வீட்ல எத்தன பேருக்கா?"

"மூணு" என்றார் அவர்.
"நாலு" என்றேன் நான்,
ஒரே நேரத்தில்.

பர்வீன் விலைச்சீட்டைத் திருப்பி
பின்பக்கம் எதையோ படித்தாள்.
பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நாலாவது ஆள் திண்டுக்கல்லில் இருக்கிறாள்.
போன வருஷம் வைகாசியில்
ஒரு பையும் மார்க் ஷீட்டுகளுமாய்ப் போனவள்.
ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுக்க
மனு எழுதி, கையெழுத்தும் போட்டு,
இன்னும் டிவிக்கு அடியில் வைத்திருக்கிறார்.
அவளுக்கு இது ஏழாம் மாசம்.
எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது
அவருக்குத் தெரியுமா என்றுதான்
தெரியாது.

அவர் பதினைந்தைத் தட்டினார்.
நகர்ந்துபோய் இருபத்தைந்தைத் தட்டினார்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
திரும்பி வந்து மறுபடியும் பதினைந்து.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
"பெருசுன்னா செவரு தாங்குமா?
ஹவுசிங் போர்டு செவரும்மா.
காலண்டருக்கு ஆணி அடிச்சாலே மண்ணாக் கொட்டும்."
"தண்ணி ரொம்புனா முப்பத்தஞ்சு கிலோ வரும்ணே.
நல்ல போல்ட்டாப் போட்டா நிக்கும்."
"நிக்குமா."
"நிக்கும்ணே."
எதிர்க்கடை போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"சின்னப் புள்ளைக்கு ஊத்துறதுன்னா
எம்புட்டுச் சூடு வைக்கணும்?"

பர்வீன் பதில் சொன்னாள். என் காதில் விழவில்லை.
பக்கத்தில் யாரோ மிக்சி ஓட்டிப் பார்த்தார்கள்,
அல்லது ஓட்டவில்லை.
பில் போடும்போது அவள் சொன்னது மட்டும் ஞாபகம்:
"சித்திரையில மொட்டமாடி டேங்க் கொதிக்கும்லக்கா,
அப்ப இத அணைச்சே வச்சுருங்க.
உள்ள இருக்க தண்ணி
வெயிலு படாமக் குளுந்து கெடக்கும்."
கோடைக்கும் ஆகும் என்று
ஒரு வார்த்தை அட்டைப்பெட்டியில் போடவில்லை.
பஸ்ஸில் மாசங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.
சித்திரையில் குழந்தைக்கு ரெண்டாம் மாசம் நடக்கும்.

சனிக்கிழமை வந்த பையன் டிரில் வைத்ததும்
சுவர் பொலபொலத்தது.
ஒரு சாண் தள்ளி வைத்தான். பிடித்துக்கொண்டது.
ராத்திரி அவர்தான் முதலில் குளித்தார்.
ஒன்றரை வாளி முடிந்தும் குழாயை மூடக் காணோம்.
"இன்னும் சூடா வருதுடி," உள்ளிருந்து சத்தம்.
"வந்துக்கிட்டே இருக்கு."
வரட்டும் என்றேன்.

மனு இன்னும் டிவிக்கு அடியில்தான் இருக்கிறது.
நேற்றுத் தூசி தட்டும்போது எடுத்தேன்.
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.